எந்த ஆறு, எந்த ஃப்ளை? பென்சில்வேனியாத் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே, வணக்கம்.

பிலடெல்ஃபியா, ஹாரிஸ்பர்க், ஸ்டேட் காலேஜ் பக்கம் குடியிருந்துகொண்டு, அண்மையில் ஃப்ளை தூண்டிலை (பூச்சி போல முள்ளில் கட்டிய போலி இரைதான் ஃப்ளை) கையில் எடுத்திருக்கும் எல்லாருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். உங்களில் பலர் கேட்பது இரண்டே கேள்விகள்: "அண்ணா, நல்ல ஆறு எது? எந்த ஃப்ளை வாங்கணும்?" கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் பதிலாக ஒரு கூகுள் மேப் குறி வரும் என்று எதிர்பார்க்கிறீர்கள். அதை நான் யாருக்கும் அனுப்புவதில்லை. அதற்குப் பதிலாக, ஆற்றை நீங்களே கண்டுபிடிக்கும் வழியைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில், ஏன் அனுப்புவதில்லை என்று சொல்லிவிட வேண்டும். இந்த மாநில மலைகளில் ஒரே தாவில் தாண்டிவிடக்கூடிய ஓடைகள் நிறைய உண்டு. அவற்றில் இருப்பது ப்ரூக் ட்ரவுட். இந்த மண்ணின் சொந்த மீன், மாநிலத்தின் சின்னமும் அதுதான். ப்ரவுன் ட்ரவுட் 1883இல் ஜெர்மனியிலிருந்து முட்டையாக அமெரிக்காவுக்கு வந்தது. ரெயின்போ மேற்குக் கடற்கரைப் பக்கத்திலிருந்து கொண்டுவரப்பட்டது. அவற்றுக்கெல்லாம் முன்பிருந்தே இங்கே இருப்பது இந்தச் சின்ன மீன். ஒரு சாண் நீளத்துக்கு வளர்ந்தாலே அந்த ஓடையில் பெரிய மீன் என்று அர்த்தம். அப்படி ஓர் இடத்தின் குறி நாற்பது கைப்பேசிகளுக்குப் போய், வாரம் தவறாமல் ஆள் வந்தால் அந்த ஓடை தாங்காது. கரை மிதிபட்டுச் சரியும், மண் இறங்கிச் சரளைக்கல் இடுக்கை அடைக்கும். அந்த இடுக்கில்தான் இந்த மீன் இலையுதிர் காலத்தில் முட்டையிடுகிறது.

சரி, ஆற்றை எப்படிக் கண்டுபிடிப்பது? மாநில மீன்வள, படகு ஆணையம் எல்லாவற்றையும் வெளிப்படையாகவே வைத்திருக்கிறது. எந்த ஓடையில் எப்போது பண்ணை மீன் விடுகிறார்கள் என்ற அட்டவணை இருக்கிறது. ஏப்ரல் முதல் சனிக்கிழமை காலை 8 மணிக்குத் தொடங்கும் பருவத்துக்குப் பெரும்பாலானவர்கள் போவது அந்த நீர்நிலைகளுக்குத்தான். குழந்தைகளோடு போகவும், சாப்பிட மீன் கொண்டுவரவும் அதுவே சரியான இடம். 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் மீன்பிடி உரிமத்தோடு ட்ரவுட் அனுமதியும் வாங்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

ஆனால் நீங்கள் எடுத்துப் பார்க்க வேண்டியது 'கிளாஸ் ஏ' பட்டியல். தானாக இனப்பெருக்கம் செய்து வாழும் ட்ரவுட் செழித்திருக்கும் ஓடைகளின் பட்டியல் அது. ப்ரவுன் ட்ரவுட் என்றால், ஒரு ஹெக்டேர் நீருக்குக் குறைந்தது 40 கிலோ மீன் இருந்தால்தான் அதில் இடம் கிடைக்கும். உங்கள் மாவட்டத்தின் பெயரைத் தேடுங்கள். வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில், நீங்கள் தினமும் பாலத்தில் கடந்துபோகும் ஓடையே அதில் இருக்கக்கூடும். கரை தனியார் நிலமா, பொது நிலமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தனியார் என்றால் கதவைத் தட்டிக் கேளுங்கள்.

கேட்காமலேயே பெயர் சொல்லக்கூடிய ஆறுகளும் உண்டு, ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்தவை. கார்லைல் ஊருக்குள் ஓடும் லெட்டார்ட், பாய்லிங் ஸ்பிரிங்ஸில் யெல்லோ ப்ரீச்சஸ், மாநிலத்தின் மத்தியில் பென்ஸ் க்ரீக், பெல்ஃபோன்ட் வழியாக ஓடும் ஸ்பிரிங் க்ரீக். எல்லாம் சுண்ணாம்புப் பாறை ஊற்றுகளை நம்பி ஓடும் ஆறுகள். ஊற்றுநீர் கோடையிலும் குளிரிலும் ஏறக்குறைய 10, 11 டிகிரி செல்சியஸில் வெளிவருவதால் மீனுக்குப் பஞ்சமே இல்லை.

ஸ்பிரிங் க்ரீக் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. ஃபிஷர்மன்ஸ் பாரடைஸ் என்ற பகுதி 1934இலேயே அங்கே திறக்கப்பட்டது. பின்னால் கெப்போன், மைரெக்ஸ் என்ற ரசாயனங்கள் ஆற்றில் கலந்து, 1980களின் தொடக்கத்தில் மீனை எடுத்துப்போய்ச் சாப்பிடக் கூடாது என்று தடை வந்தது. பண்ணை மீன் விடுவதும் நின்றது. எடுத்துப்போக ஆளில்லாத அந்த ஆற்றில் காட்டு ப்ரவுன் ட்ரவுட் பெருகி, இன்று மாநிலத்தின் சிறந்த ஆறுகளில் ஒன்றாக அது நிற்கிறது. 2013இல் நியூசிலாந்து மண் நத்தை அங்கே கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. கடுகளவுதான் இருக்கும், பூட்ஸ் இடுக்கில் ஒட்டிக்கொண்டு அடுத்த ஆற்றுக்கு வந்துவிடும். ஆகவே தயவுசெய்து ஒரே நாளில் இரண்டு ஆறு வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் பூட்ஸை நன்றாகக் காயவையுங்கள்.

அப்புறம் ஃப்ளை. கடைக்குப் போய் ஐம்பது வகை வாங்குவதற்கு முன்னால் ஓடையில் இறங்கி ஒரு கல்லைப் புரட்டுங்கள். அடிப்பக்கத்தைக் கண்ணுக்கு அருகில் பிடித்தால், தட்டையாக ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் நகரும் மேஃப்ளை குஞ்சுகள் தெரியும், வாலில் இரண்டு மூன்று மயிரிழைகளோடு. மணலையும் குச்சியையும் ஒட்டிக் கட்டிய சின்னக் கூட்டுக்குள் கேடிஸ் புழு இருக்கும். லெட்டார்ட் மாதிரி பாசி அடர்ந்த இடத்தில் க்ரெஸ் பக் என்ற சாம்பல் நிறச் சின்ன நீர்வாழ் உயிரி கொத்தாகக் கிடைக்கும். நிறத்தையும் அளவையும் பார்த்துவிட்டுக் கல்லை இருந்த மாதிரியே வைத்துவிடுங்கள். மீன் தினமும் சாப்பிடுவது இவற்றைத்தான். 16ஆம் எண் முள்ளில் கட்டிய ஃபெசன்ட் டெயில் ஃப்ளையும், முயல் ரோமத்தைச் சுற்றிச் செய்யும் வால்ட்ஸ் வோர்ம் ஃப்ளையும் இருந்தால் இந்தப் பக்கத்தில் பாதி வருஷம் ஓட்டிவிடலாம்.

மேற்பரப்பில் மிதக்கும் ஃப்ளைக்கு, எந்தப் பூச்சி எப்போது பறக்கும் என்ற நாள்காட்டிதான் வழிகாட்டி. மார்ச், ஏப்ரல் மேகமூட்ட நாட்களில் ப்ளூ விங்டு ஆலிவ், ஏப்ரல் நடுவில் கிரானம் கேடிஸ், மே நடுவிலிருந்து மாலை வேளைகளில் சல்ஃபர். மே கடைசியில் பென்ஸ் க்ரீக்கில் க்ரீன் ட்ரேக் வரும். அதைப் பார்க்கவே நாடு முழுவதிலிருந்தும் ஆள் கூடும். நெரிசல் பிடிக்காதவர்கள் அந்த வாரம் வேறு ஆற்றுக்குப் போகலாம். ஜூலை வந்துவிட்டால் விடியலில் டிரைக்கோ. மிகச் சின்ன 24ஆம் எண் முள்ளில் கட்டியது, தங்கூஸைக் கோப்பதற்கே கண் வலிக்கும். அது வேண்டாம் என்றால் எறும்பு, வண்டு போன்ற ஃப்ளைகள் போதும். மீன்பிடி எழுத்தாளர்களான வின்சென்ட் மரினாரோவும் சார்லி ஃபாக்ஸும் லெட்டார்ட் கரையில் உட்கார்ந்து கவனித்து, நிலத்துப் பூச்சிகளைப் போன்ற ஃப்ளைகளை உருவாக்கியது இதே கோடை மாதங்களில்தான்.

இனி ஒரு வேண்டுகோள், கொஞ்சம் கண்டிப்பாகவே. ஜூலை, ஆகஸ்ட் மதியங்களில் வெப்பமானியை ஆற்றில் போட்டுப் பாருங்கள். 20 டிகிரியைத் தொட்டுவிட்டால் தூண்டிலை மடித்துவிடுங்கள். சூடேறிய நீரில் பிராணவாயு குறைவு. போராடிக் களைத்த ட்ரவுட் நீங்கள் விட்டதும் நீந்திப் போவது போலத் தெரியும், சற்று நேரத்தில் கல்லடியில் செத்துக் கிடக்கும். வெயிலில் அப்படிச் சூடேறும் ஆறுகளில், ஊற்று கலக்கும் இடத்தில் மீன்கள் குவிந்து நிற்கும். சுலபமாகக் கிடைக்கும் என்பதற்காக அங்கே போய் வீசாதீர்கள், அவை உயிர் பிழைக்க ஒதுங்கியவை. மற்ற நாட்களிலும் கையை நனைத்துவிட்டே மீனைத் தொடுங்கள், முள்ளின் எதிர்க்கொக்கியை நசுக்கிவிடுங்கள், படம் எடுப்பதென்றால் மீன் வலைக்குள் தண்ணீரில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

அடுத்த தடவை ஆற்றுக்குப் போய் வந்து எனக்கு எழுதும்போது, எந்த மாவட்டம், நீரின் வெப்பம் எவ்வளவு, கல்லுக்கு அடியில் என்ன இருந்தது, எத்தனை மணிக்கு என்ன பறந்தது என்று எழுதுங்கள். எந்த ஃப்ளை கட்டலாம் என்று அதை வைத்தே பேசலாம்.

அன்புடன்,
ஸ்பிரிங் க்ரீக் பக்கத்திலிருந்து உங்களில் ஒருவன்