வெட்டுக்கிளியோடு பசுமை கிடக்கும் விதத்தையும் பதிவு செய்யுங்கள்

வேலூர் மாவட்ட வேளாண்மை இணை இயக்குநர் அவர்களுக்கும் வட்டார வேளாண்மை அலுவலர்களுக்கும் வணக்கம்.

2020 மே மாதம் வட மாநிலங்களில் பாலைவன வெட்டுக்கிளிகள் படையாக இறங்கியிருந்த வேளையில், கிருஷ்ணகிரி மாவட்டம் நேரலகிரியில் எருக்கஞ்செடிகளை மொய்த்த வெட்டுக்கிளிகளைக் கண்டு மக்கள் அஞ்சினார்கள். அவை வேறோர் இனம் என்று அலுவலர்கள் விளக்கினார்கள். ஆனால் தனித்துத் திரியும் பூச்சி எதனால் படையாகிறது என்பது நம் ஊர்களில் இன்னும் பேசப்படவில்லை.

பாலைவன வெட்டுக்கிளி தனித்திருக்கும் நிலையில் தன்னினத்தை விட்டு விலகியே செல்லும். மழைக்குப் பின் நிலமெங்கும் பசுமை பரவியிருக்கும் வரை அவை பெருகினாலும் சிதறி வாழ இடமுண்டு. அந்தப் பசுமை காய்ந்து ஆங்காங்கே சில புதர்களாகச் சுருங்கும்போதுதான், இரைக்கும் தங்கலுக்குமாக அவை நெருங்க நேர்கிறது. நெருக்கத்தில் பின்னங்கால் தொடைகள் திரும்பத் திரும்பத் தொடப்பட, சில மணி நேரத்திலேயே நரம்புகளில் செரோடோனின் என்னும் வேதிப்பொருள் உயர்ந்து, விலகிய பூச்சி கூட்டத்தை நாடத் தொடங்குகிறது. தொடுதலின் பங்கு 2001-லும், செரோடோனினின் பங்கு 2009-லும் வெளியான ஆய்வுகளில் நிறுவப்பட்டன. எம்மா டெஸ்ப்ளாண்ட், ஸ்டீபன் சிம்ப்சன் ஆகியோர் குழுவாக 2000-இல் வெளியிட்ட ஆய்வோ, செடிகள் பரவலாக நிற்கும் இடத்தைவிடத் திட்டாகத் திரண்டு நிற்கும் இடத்தில் கூடும் இயல்பு மிகுவதைக் காட்டியது. எத்தனை பூச்சிகள் என்ற கேள்வியோடு செடிகள் எப்படிக் கிடக்கின்றன என்ற கேள்வியும் சேர்ந்தால்தான் விடை முழுமையாகும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது.

நம் வரப்புகளில் முட்டையிடும் நெல் வெட்டுக்கிளி அவ்வாறு படையாகப் புறப்படுவதன்று. ஆகவே அந்த முடிவுகளை அப்படியே இங்குப் பொருத்த நான் கேட்கவில்லை. எனினும் அறுவடைக்குப் பின் பசுமை வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் பாலாற்றங்கரை நாணலிலும் மட்டும் எஞ்சும்போது, பூச்சிகள் அங்கே ஒதுங்குகின்றன. அத்தகைய ஒரு திட்டில் எண்ணிய பூச்சிகளின் தொகையை ஏக்கர் முழுமைக்கும் பெருக்கினால், தேவையற்ற இடத்திலும் மருந்து தெளிக்க நேரும். உழவரின் காசும் வீண், வயலில் வேட்டையாடும் சிலந்திகளுக்கும் கேடு.

ஆதலால் கள ஆய்வுப் பதிவேட்டில், பசுமை பரவலாக உள்ளதா திட்டாக உள்ளதா என்று குறிக்க ஒரு கட்டம் சேர்க்குமாறும், திட்டிலும் வெளியிலும் தனித்தனியே எண்ணுமாறும் வேண்டுகிறேன். இதற்கான படிவத்தை விரிஞ்சிபுரம் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தாரின் துணையுடன் வகுத்து, சொர்ணவாரிப் பருவ நெல் அறுவடைக்கு முன்பே வட்டாரங்களுக்கு அனுப்பினால், அறுத்த வயல்களிலேயே பதிவைத் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
குடியாத்தம் வட்டத்து உழவர் ஒருவர்