பழைய டயரை யார் எடுப்பது?

ஐயா,

டெங்கு தடுப்புப் பணி பற்றிய செய்தியைப் படித்தேன். வீடுவீடாகத் தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பது சரி. பஞ்சர் கடைகளில் குவிந்து கிடக்கும் பழைய டயர்களை யார் எடுப்பது? எங்கள் தெருமுனைக் கடையில் தகரக் கூரை காற்றில் பறக்காமலிருக்க டயர்களைத்தான் ஏற்றி வைத்திருக்கிறார்கள். மாநகராட்சி ஊழியர்கள் வந்தால் டயரில் தேங்கிய தண்ணீரைக் கவிழ்த்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை, காய்ந்த டயரின் உட்புறத்தில் ஒட்டியபடி மாதக்கணக்கில் தாங்கும். அடுத்த மழைக்குப் பொரிந்துவிடும். மிச்ச டயர்கள் போகித் தீயில் கரும்புகையாவது வேறு கதை.

பழைய டயர்களின் மறுசுழற்சிக்குத் தயாரிப்பாளர்களே பொறுப்பு என்று 2022இல் மத்திய அரசு விதி வகுத்துவிட்டது. கடைக்காரருக்கு அபராதம் போடுவதைவிட, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே மாநகராட்சி வண்டி கடைகடையாகச் சென்று டயர்களை எடுத்து மறுசுழற்சி ஆலைக்கு அனுப்பட்டும்.

- வாசகர், சென்னை