எட்டு மாதத்து ஸ்டென்ற்றும் நெல்லிக்காய் அளவு கட்டியும்

அன்புள்ள மகளுக்கு,

நேற்றிரவு நீ அழத் தொடங்கியதால் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிட்டது. ஆறுதலாக எழுதினால் நீயும் ஆறுதலாக வாசிப்பாய் என்று எண்ணி இதை எழுதுகிறேன்.

பித்தப்பைக்கென்று எடுத்த ஸ்கானில் தற்செயலாக அகப்பட்ட, புற்றுநோயாக இருக்கலாம் என்று சந்தேகிக்கும் கட்டி, இடது சிறுநீரகத்தின் வெளி விளிம்பில் 2.6 சென்ரிமீற்றர் அளவில் இருக்கிறது. யாழ் போதனா வைத்தியசாலையில் நிபுணர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பேனா முனையால் காட்டியபோது, "நெல்லிக்காய் அளவுதானே" என்று அம்மா கேட்க, அவர் சிரித்துவிட்டார்.

சிறுநீரகத்தை முழுதாக எடுத்துவிடச் சொல்கிறாய். முன்பு அதுதான் வழக்கம். இப்போது 4 சென்ரிமீற்றருக்கு உட்பட்டதென்றால், இயன்றவரை கட்டியை மட்டும் வெட்டியெடுத்து மீதியைத் தைத்துவிடுகிறார்கள். 20 வருடச் சலரோகமும், சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருப்பதைக் காட்டும் 1.6 கிரியேற்றினின் இரத்த அளவும் உள்ள நான் ஒரு சிறுநீரகத்தை இழந்தால், புற்றுநோய்க்குத் தப்பி டயலிசிஸில் போய்க் கிடக்க நேரலாம்.

வெட்டாமல் முதுகுப்புறமாக ஊசி செலுத்திக் கட்டியைச் சுட்டோ உறையவைத்தோ அழிக்கவும் முடியும். 3 சென்ரிமீற்றருக்குள் நன்றாகப் பலிக்கும், ஆனால் கட்டி திரும்ப வரும் வாய்ப்பு சத்திரசிகிச்சையைவிடச் சற்று அதிகம். நீ கேட்ட கீமோவுக்குச் சிறுநீரகப் புற்றுநோய் பெரும்பாலும் மசியாது. சுனிற்றினிப் மாத்திரையும் நிவோலுமாப் மருந்தும் முக்கியமாகப் பரவிய நோய்க்கு உரியவை. எனக்குப் பரவிய அடையாளமே இல்லை.

இருதய இரத்தக்குழாயைத் திறந்துவைக்கும் சிறு குழாயான ஸ்டென்ற் வைத்து எட்டு மாதம்தான் ஆகிறது என்பதை நீ மறந்துவிட்டாய் போலும். சத்திரசிகிச்சைக்கோ ஊசிக்கோ இரத்தம் உறையாதிருக்கத் தரும் குளிசையை நிறுத்த வேண்டிவரும், அதை இப்போது நிறுத்த இருதய வைத்தியர் சம்மதிக்கவில்லை. இவ்வளவு சிறிய கட்டிகள் சராசரியாக வருடத்துக்கு 2, 3 மில்லிமீற்றரே வளருமாம். ஐந்தில் ஒன்று புற்றுநோயாகவே இருப்பதில்லையாம். ஆகவே கவனித்துக்கொண்டு காத்திருப்பது என்று முடிவெடுத்திருக்கிறேன். இது பயந்து ஒளிப்பதல்ல. மூன்று மாதத்தில் ஒரு ஸ்கான், பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று. வருடத்தில் 5 மில்லிமீற்றருக்கு மேல் வளர்ந்தாலோ 4 சென்ரிமீற்றரைத் தாண்டினாலோ வெட்டச் சம்மதிப்பேன் என்று நிபுணரிடமும் சொல்லிவிட்டேன்.

அடுத்த ஸ்கான் மாசியில். இப்போது அவசரப்பட்டு ரிக்கெற் போடாமல் அந்த நேரம் வா. உன் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தால் அவரிடம் நேரே கேட்கலாம். படங்களைத் தம்பி இன்று வைபரில் அனுப்புவான்.

அன்புடன்,
அப்பா