தேடி வந்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள அக்கா,

எனக்கு மார்பகப் புற்றுநோய்க்கான கதிர் சிகிச்சை முடிந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. நேரில் சொல்ல வந்தால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். நம் ஊரில் எல்லோரும் படிக்கட்டும்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் என் அத்தைக்கு பிரஷர் மாத்திரை கொடுக்கத்தான் நீங்கள் வருவீர்கள். அன்றைக்கு என்னிடம் திரும்பி, “மார்பகப் பரிசோதனைக்குப் போனியா?” என்று கேட்டீர்கள். “போன வருஷம்தான் பார்த்தேன். ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க” என்றேன். “போன வருஷம் பெய்த மழைக்கு இந்த வருஷம் விதைப்பியா?” என்றீர்கள். கரிசல்காட்டுக்காரி நான், அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. அப்போதும் நான் கிளம்பவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை வாசலில் வந்து நின்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள்.

அங்கிருந்த மருத்துவர் அம்மா அவசரப்படாமல் அக்குள் வரை தடவிப் பார்த்தார். இடது பக்கம் மொச்சைக்கொட்டை அளவில் கெட்டியாக ஏதோ இருப்பதாகச் சொன்னார். தினமும் குளிக்கிற எனக்கு அது தெரியவே இல்லை. “வலிக்கலையே டாக்டர்?” என்று கேட்டேன். “ஆரம்பத்துல பெரும்பாலும் வலிக்காதும்மா, அதனாலதான் பலரும் தாமதமா வர்றாங்க” என்றார். அவருக்கும் என் நன்றி.

எனக்கு மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எடுத்த டெக்னீஷியன் தங்கச்சியை மறக்க மாட்டேன். நான் கூச்சத்தில் சேலையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் கதவைத் தாழிட்டாள். பவுடர் படத்தில் புள்ளியாக விழுந்து குழப்பும் என்று சொல்லி, ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். தட்டு சில்லென்று இருக்கும், அழுத்துவது சில நொடிதான் என்று முன்கூட்டியே சொன்னாள். பக்கத்துக்கு இரண்டு படம், மொத்தம் நான்கு. இதற்காகவா இத்தனை வருடம் பயந்தேன் என்று இருந்தது.

அப்புறம் ஊசி வைத்து சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்தான். கட்டி 14 மில்லிமீட்டர். அக்குளுக்குப் பரவவில்லை. மார்பை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்தார்கள். கீமோ தேவைப்படவில்லை. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 15 நாள் கதிர் வைத்தார்கள், இப்போது தினம் ஒரு மாத்திரை.

அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றி ஒருவர் சொன்னார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954-இல் அந்த மருத்துவமனையைத் தொடங்கினாராம். அடுத்த வருடமே அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்திருக்கிறார். நான் பார்த்தே இராத அந்த இருவருக்கும் கைகூப்புகிறேன்.

மதினி, அந்த 15 நாளும் என் பிள்ளைகளுக்குச் சோறு பொங்கிப் போட்டீர்கள். அதற்கு நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதாது. என் வீட்டுக்காரர், “மார்பு” என்ற சொல்லை வெளியில் சொல்லவே தயங்கியவர், இப்போது டீக்கடையில் நின்று, “வீட்டுப் பொம்பளைகளை அனுப்புங்கப்பா” என்கிறார்.

அக்கா, தை மாதம் எனக்கு மறுபடி மேமோகிராம். இந்த முறை நீங்கள் வாசலில் வந்து நிற்க வேண்டாம். மதினியும் எதிர்வீட்டுச் சித்தியும் என்னோடு வருகிறார்கள், காலை ஏழு மணி பஸ்ஸுக்கு.

அன்புடன்,
உங்கள் தெருத் தையல்காரி