பழம்பொருள் வணிகர்களுக்கும் மெருகுப் பட்டறையாருக்கும்: அடுப்பின் முத்திரையை விட்டுவையுங்கள்

பழைய பித்தளை அடுப்புகளை வாங்கி விற்போருக்கும், அவற்றைச் செப்பனிட்டு மெருகேற்றித் தருவோருக்கும் வணக்கம்.

உங்கள் தொழிலின் மீது எனக்கு மதிப்பு உண்டு. காயலான் கடையில் எடைக்குப் போயிருக்க வேண்டிய எத்தனையோ பிரைமஸ், ஸ்வியா, ஆப்டிமஸ் என்ற சுவீடன் நாட்டு அடுப்புகள் இன்றும் எரிகின்றன என்றால் அது உங்களால்தான். அந்த மதிப்போடுதான் ஒரே ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன்: மெருகேற்றுவதற்கு முன் டேங்கில், அதாவது எண்ணெய்க் கலத்தில், பெயரும் ஆண்டும் காட்டப் பொறித்த முத்திரையைப் படம் எடுத்துவிடுங்கள், முத்திரை இருக்கும் இடத்தில் பஃபிங் (மெருகு) சக்கரத்தை வைக்காதீர்கள்.

என் தந்தை நில அளவையாளராக வேலை பார்த்தவர். மலைப் பகுதிகளில் கூடாரம் அடித்துத் தங்கும் நாட்களில் அவருக்குத் தேநீரும் கஞ்சியும் காய்ச்சித் தந்தது பிரைமஸ் 96 என்ற சிறிய அடுப்பு. கால்களையும் பர்னரையும் கழற்றி ஒரு தகரப் பெட்டிக்குள் அடக்கிவிடலாம். அதை அவர் பழையதாகத்தான் வாங்கினார். எந்த ஆண்டில் செய்தது என்று அவருக்கே தெரியாது. அவர் காலமான பிறகு அது எங்கள் பரணில் கிடந்தது. எண்ணெய் ஊற்றும் வாயருகே கசிவு இருந்ததால், அந்தக் கசிவை அடைத்துத் தரும்படி மட்டும் சொல்லி ஒரு பட்டறையில் கொடுத்தேன். பத்து நாள் கழித்து முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பாகத் திரும்பி வந்தது. மெருகுக்குத் தனியாகக் காசு வாங்கவில்லை என்று அன்போடு சொன்னார்கள். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஆண்டைச் சொல்லும் எழுத்து இருந்த இடம் வழுவழுவென்று இருந்தது.

அந்த எழுத்தைச் சிறுவயதில் நானும் என் தங்கையும் எத்தனையோ முறை விரலால் தடவிப் பார்த்திருக்கிறோம். அது ஆங்கில 'பி' (P) என்கிறாள் அவள். 'ஆர்' என்றுதான் எனக்கு நினைவு. எழுத்து மாறினால் ஆண்டும் மாறிவிடும். எங்களில் யார் சொல்வது சரி என்று இனி எந்தக் காலத்திலும் தெரியப் போவதில்லை. பட்டறைக்காரர் தீய எண்ணத்தோடு செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆயினும் அந்தப் பளபளப்பைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது.

பிரைமஸ் டேங்குகளில் 1911ஆம் ஆண்டை 'ஏ' என்று தொடங்கி ஆண்டுக்கு ஓர் எழுத்துக் குறியீடாகப் பொறித்து வந்தார்கள் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஸ்டாக்ஹோமில் லிண்ட்க்விஸ்ட் என்பவர் 1892இல் உருவாக்கிய அடுப்பின் வழிவந்தவற்றில், பிரைமஸ் என்ற பெயரும் அவற்றை விற்றுவந்த பி. ஏ. ஹியோர்த் நிறுவனத்தின் பெயரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து இடம்பெற்றன. ஆகவே பெயர் முத்திரையை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் அடுப்பின் காலத்தை ஏறத்தாழத்தான் சொல்ல முடியும். ஆண்டைச் சொல்வது அந்த எழுத்து ஒன்றுதான். அமெரிக்காவின் விசிட்டா நகரத்துக் கோல்மன் விளக்குகளை எடுத்துக்கொண்டால், பலவற்றின் அடியில் மாதத்தையும் ஆண்டையும் குறிக்கும் எண்களே இருக்கும். நகத்தளவு இடத்தில் அவ்வளவு செய்தி இருக்கிறது. பர்னரில் உள்ள பெயரை நம்பியும் பயனில்லை, ஏனென்றால் தேய்ந்த பர்னரைக் கழற்றிவிட்டுக் கையில் கிடைத்த வேறொன்றைப் பொருத்துவது பம்ப் ஸ்டவ் இருந்த எல்லா ஊர்களிலும் வழக்கம். கடைசிவரை மாறாமல் இருப்பது டேங்க். நீங்கள் தேய்ப்பதும் அதைத்தான்.

முத்திரையை அழித்த பிறகு விற்பனைக் குறிப்பில் என்ன எழுதுகிறீர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அண்மையில் ஒரு ஸ்வியா 123 ஆர் அடுப்பை 'இரண்டாம் உலகப்போர்க் கால இராணுவ அடுப்பு' என்ற குறிப்போடு பார்த்தேன். ஸ்வியா 123 சந்தைக்கு வந்ததே 1955இல். தானே துளையைச் சுத்தம் செய்துகொள்ளும் ஊசி பொருத்திய 'ஆர்' வகையோ, 1969இல் ஆப்டிமஸ் அந்த அடுப்பின் தயாரிப்பை ஏற்ற பிறகு வந்தது. அதேபோல் பிரைமஸின் மண்ணெண்ணெய், பெட்ரோல் அடுப்புத் தொழிலை ஆப்டிமஸ் வாங்கியது 1962இல். அதற்குப் பின் பிரைமஸ் பெயரோடு வந்தவற்றையும் 'ஹியோர்த் காலத்துப் பொருள்' என்று விற்கிறீர்கள். வாங்குபவர் உங்கள் சொல்லை நம்பிப் பணம் தருகிறார். சரிபார்ப்பதற்கு அவர் கையில் இருந்திருக்கக்கூடிய ஒரே சான்றை நீங்களே தேய்த்து எடுத்துவிட்டால் அவர் எங்கே போவார்?

இது அடுப்போடு நிற்கவில்லை என்பதுதான் என் கோபத்துக்குக் காரணம். நம் வீடுகளில் சீர் கொடுத்த குடத்திலும் அண்டாவிலும் பெயரும் தேதியும் வெட்டித் தருவார்கள். என் பாட்டியின் குடத்தில் இருந்த பெயரும் இப்படி ஒரு மெருகில்தான் போயிற்று. சுத்தம் செய்கிறோம் என்று கோயில் சுவர்களில் மணலைப் பீய்ச்சிக் கல்வெட்டுகளை மழுங்கடித்ததையும் இந்த மாநிலம் பார்த்திருக்கிறது. எழுத்தைவிடப் பளபளப்பு பெரிது என்று நமக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

கோபத்தில் அடுப்பை விட்டு விலகிப் போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது உங்கள் வேலையைப் பெரிதாகக் கூட்டிவிடாது. களிம்பை எடுக்கப் புளியும் மென்மையான துணியும் போதும், அவை எழுத்தைத் தின்பதில்லை. மங்கிப்போன முத்திரையைப் படிக்க விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் போதும். அதுவும் போதவில்லை என்றால், நாணயத்தின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்க்கும் சிறுபிள்ளை விளையாட்டை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரே மெருகு கேட்டாலும், முதலில் முத்திரையைக் காட்டி, 'இதை விட்டுவிட்டு மற்ற இடத்தை மட்டும் தேய்க்கட்டுமா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். விற்கும்போது டேங்கின் அடிப்பக்கத்தைத் தெளிவாகப் படமெடுத்துப் போடுங்கள். எழுத்து இல்லையென்றால் 'எழுத்து இல்லை' என்று எழுதுங்கள், ஊகித்த ஆண்டை எழுதாதீர்கள்.

அடுத்த வாரம் உங்களில் யாரிடமாவது ஒரு தகரப் பெட்டி வரக்கூடும், உள்ளே கறுத்துப்போன ஒரு சிறிய டேங்க் இருக்கக்கூடும். சக்கரத்தை ஓடவிடுவதற்கு முன் அதைத் திருப்பிப் பார்த்து, கண்ட எழுத்தை ஒரு தாளில் குறித்து அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கொடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பிரைமஸ் 96 ஒன்றின் இன்றைய உரிமையாளன்