கோட்டைச்சுவர் பக்கமும் கொஞ்சம் கூட்டிவாருங்கள்

மதுரைக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிவரும் வரலாற்று ஆசிரியர்களுக்கு,

வணக்கம். கோயில், மகால், காந்தி மியூசியம் காட்டி, சாயங்காலம் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்து வண்டியேற்றிவிடுகிறீர்கள். குறை சொல்லவில்லை, நாற்பது பிள்ளைகளை வீதியில் கட்டி மேய்ப்பது லேசான வேலையா? ஆனாலும் பெரியார் பேருந்து நிலையம் பக்கம், மேலவெளி வீதியில் பழைய மதுரைக் கோட்டை மதிலின் மிச்சமாகக் கொத்தளம் ஒன்று நிற்கிறதே, அங்கே பத்து நிமிஷம் நிறுத்தக் கூடாதா?

மற்ற மதிலையெல்லாம் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் இடித்து அகழியைத் தூர்த்தாயிற்று. அவருக்கு விளக்குத்தூண் இருக்கிறது. இடிப்பு வேலை பார்த்த மாரட்டுக்கும் பெருமாள் மேஸ்திரிக்கும் ஆளுக்கொரு வீதி. அந்த மதிலுக்குள் நின்று கும்பினிப் படையை, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை, மறித்தவருக்கு கான்பாளையமும் கான்சாமேட்டுத் தெருவும். பல வருஷம் அந்தத் தெருவில் கடை வைத்திருந்தவன் நான். கான்சா என்றால் யாரோ வெள்ளைக்காரத் துரையின் சமையற்காரர், கான்சாமா என்றே நினைத்திருந்தேன். கான் சாகிப் என்பதுதான் வாயில் தேய்ந்து கான்சா ஆகியிருக்கிறது.

அந்தக் கான் சாகிப்தான் யூசுப் கான். மருதநாயகம் என்றால் பிள்ளைகளுக்குச் சட்டென்று தெரியும். 1763இல் வந்த முற்றுகை மழைக்காலத்தோடு கலைந்தது. மறுவருஷம் ஜூனில் மதிலேற வந்தவர்களையும் அடித்துத் துரத்தினார். அப்புறம் அவர்கள் ஏறவில்லை. வழிகளை அடைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள். உள்ளே தானியம் குறையக் குறைய, கூட இருந்தவர்களே பிடித்துக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15 அன்று தூக்கு.

இவர்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால், 1761இல், கும்பினிக்காகப் போய்ப் பூலித்தேவரின் நெற்கட்டும்செவலைப் பிடித்தவர். தயவுசெய்து இதை மறைக்காதீர்கள். பிறகு ஏன் கும்பினிக்கு எதிராகத் திரும்பினார் என்று பிள்ளைகள் கேட்பார்கள். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் வரிப்பணத்தோடு தன் கீழ் அடங்கியிருக்கச் சொன்னார் ஆற்காட்டு நவாப் முகமது அலி. கும்பினி நவாப் பக்கம் சாய்ந்தது. இவர் முடியாது என்றார். பணத்தகராறுதானே என்று ஒருவன் சொல்வான். சொல்லட்டும். கட்டபொம்மனுக்கும் கும்பினிக்கும் தகராறு கிஸ்தியில்தானே தொடங்கியது?

அக்டோபர் வந்தால் எங்கள் ஊர்ச் சுவர்களில் இடமிருக்காது. 1799இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலேறியது 16ஆம் தேதி, 1801இல் திருப்பத்தூரில் மருதிருவர் 24ஆம் தேதி. இரண்டுக்கும் போஸ்டர் உண்டு. 15ஆம் தேதிக்கு நான் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. சொந்தம் கொண்டாட ஆளில்லாதவருக்குப் பசை காய்ச்சுவது யார்?

கொத்தளம் பார்த்துவிட்டு அப்படியே சம்மட்டிபுரம் போங்கள். தலை, கை கால்களை வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பிவிட்டு உடலை அங்கேதான் அடக்கம் செய்தார்கள். இன்று பள்ளிவாசல் இருக்கிறது. செருப்பை வெளியே விடச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் வேண்டாம், தொழுகைக்குக் கூட்டம் வரும்.

இப்படிக்கு,
கான்சாமேட்டுப் பழைய கடைக்காரன்