கிணற்றடி மோட்டர்களுக்கு 2025 எப்படிப் போனது

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மார்கழி முடியப் போகிறது, கடையில் இன்னும் வெள்ளம் குடித்த மோட்டர்கள் வரிசையாகக் கிடக்கின்றன. "எப்ப தருவியள்?" என்று கேட்டு வருகிற அண்ணாமார் அக்காமார் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல்.

நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்து இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்த நாட்களில், கிணற்றடியில் பூட்டியிருந்த மோட்டரைக் கழற்ற உங்களில் பலருக்கு நேரம் கிடைக்கவில்லை. வெள்ளம் வடிந்ததும் சிலர் சுவிட்சைப் போட்டுப் பார்த்தார்கள். அந்த மோட்டர்களின் காயில், அதாவது உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பி, அங்கேயே எரிந்துவிட்டது. போடாமல் அப்படியே தூக்கி வந்தவர்களின் மோட்டர்களில் அனேகமானவை பிழைத்துவிட்டன.

கழற்றி, நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, பெயாரிங் மாற்றி, குண்டு பல்ப்பின் சூட்டில் நாட்கணக்காகக் காயவைக்கிறோம். பிறகு காயிலுக்கும் மோட்டரின் உடலுக்கும் இடையில் கரண்ட் கசிகிறதா என்று பார்க்கும் 500 வோல்ற் மெகர் கருவியால் அளக்கிறோம். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது, திரும்பவும் சூட்டில்தான் வைக்க வேண்டும். இந்த ஈரக் காலத்தில் அது சுணங்கும். காயாமல் தந்தால் தண்ணீர் இறைக்கப் போகிறவருக்குக் கரண்ட் அடிக்கும். ஒருநாள் முந்தித் தருவதற்காக அந்த ஆபத்தை எடுக்க எங்களுக்கு மனம் இல்லை. காத்திருக்க வைத்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வருடம் முழுவதையும் பார்த்தால், வெள்ளத்தைவிட அதிகம் மோட்டர் எரித்தது மெல்லிய வயர்தான். சோளகக் காற்று வீசும் வறண்ட காலத்தில் மிளகாய்த் தோட்டத்துக்கு இறைக்கும்போது எரிந்து வந்தவற்றில் பலவற்றின் கதை ஒன்றே. வீட்டிலிருந்து கிணற்றுக்கு 100 மீற்றர், இழுத்திருப்பது 1.5 சதுர மில்லிமீற்றர் வயர். ஒரு குதிரைவலு மோட்டர் சுமார் 7 அம்பியர் இழுக்கும். போய்வரும் 200 மீற்றரில் ஏறக்குறைய 17 வோல்ற் வயரிலேயே போய்விடும். வீட்டில் 230 இருந்தால் கிணற்றடியில் 213. வீட்டிலேயே 210 என்றால் யோசித்துப் பாருங்கள். கிளம்பும்போது மோட்டர் அந்த 7 அம்பியரைப் போலப் பல மடங்கு இழுப்பதால், வோல்ற் இன்னும் குறைந்து உறுமிக்கொண்டே நின்று சூடாகிறது. அதே தூரத்துக்கு 4 வயர் போட்டால் 7 வோல்ற்கூடக் குறையாது. வயர் விலை கூடத்தான், ஆனால் செம்பு விலை ஏறிய பிறகு ஒருமுறை காயில் கட்டும் செலவும் சின்னதல்ல. உங்கள் கிணற்றடியில் வோல்ற் அளந்து சொல்ல நாங்கள் காசு வாங்குவதில்லை.

அப்புறம் கரண்ட் பில். ஜனவரி 17 இல் மின்கட்டணம் சராசரியாக 20 வீதம் குறைந்தது, ஜூன் 12 இல் 15 வீதம் ஏறியது. வீட்டு மீற்றரில் தோட்டத்துக்கு இறைப்பவர்கள் கவனிக்க வேண்டியது 60 அலகு. ஒரு குதிரைவலு மோட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 1 அலகு, நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் மாதம் 60 அதிலேயே முடிந்துவிடும். அதைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே கூடிய விலைதான்.

பெப்ரவரி 9, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கால் நாடே இருண்ட ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கும். கரண்ட் போனால் மோட்டர் சுவிட்சை நிறுத்திவிடுங்கள். திரும்பி வரும்போது எல்லோருடைய மோட்டரும் ஒன்றாகக் கிளம்பினால் லைனின் கடைசியில் இருப்பவருக்குத்தான் அடி.

இன்னொரு விடயம். யானைக்கு என்று வேலிக் கம்பியில் வீட்டுக் கரண்டை நேரே கொடுக்க வயர் கேட்டு வருபவர்களுக்கு நாங்கள் விற்பதில்லை, இனியும் விற்க மாட்டோம். ஒரு போகத்தையே யானை ஓர் இரவில் மிதித்துவிட்டுப் போகும் வேதனை எங்களுக்குத் தெரியும், எங்களுக்கும் வயல் இருக்கிறது. ஆனால் அந்தக் கம்பியில் அதிகாலையில் மாடு தேடிப் போகும் பிள்ளையும் கை வைக்கும். அது சட்டவிரோதமும்கூட. முறையான யானை வேலிப் பெட்டி ஒரு நொடிக்கு ஒருமுறை, கண் இமைப்பதைவிடக் குறைந்த நேரத்துக்குத்தான் அடிக்கும். யானை திரும்பிப் போகும், ஆளும் உயிரோடு விலகலாம். பெட்டியைத் தவணை முறையில் தருகிறோம், பூட்டியும் தருகிறோம்.

தைப்பொங்கலுக்கு ஜனவரி 15, 16 இரண்டு நாளும் கடை பூட்டு. அதற்கு முன் முடிந்த மோட்டர்களுக்கு அழைப்பு எடுப்போம். வரும்போது மோட்டரைத் தந்தபோது நாங்கள் எழுதித் தந்த துண்டுச்சீட்டை மறக்காமல் கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் மோட்டர் கடையினர்,
பரந்தன்